வாசல் மணியும் கம்பியில்லாக் கருவியும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று வீட்டோடு இருப்பவர்கள் பெரியவர்கள்தாம். பிள்ளைகள் பெங்களூரிலோ, சென்னையிலோ, கடல் கடந்தோ இருக்கிறார்கள். வாசலில் மணி அடித்தால் பின்கட்டில் இருக்கும் பாட்டிக்குக் கேட்பதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் திரும்பிப் போய்விடுகிறார். மணி அடித்தால் கைப்பேசியிலும் செய்தி வரவேண்டும், படுக்கையறை விளக்கும் விட்டுவிட்டு எரியவேண்டும் என்றால் அதற்கு இன்று வழி உண்டு. பழைய மணியைக் கழற்றவும் வேண்டியதில்லை. ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்த வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்க வீடுகளில் மணிக்கென்று ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கும். வாசல் பொத்தானுக்கு வருவது 16 முதல் 24 வோல்ட்தான். அங்கே விற்கும் கம்பி வழி வீடியோ மணிகள் அந்த அளவுக்கே செய்யப்பட்டவை. நம் வீடுகளிலோ பெரும்பாலும் 230 வோல்ட் மின்சாரமே நேராகப் பொத்தானுக்கு வருகிறது. மகன் அன்போடு அனுப்பிய கருவியை அந்தக் கம்பியில் மாட்டினால் கருவி புகைந்துவிடும், தொட்டவருக்கும் ஆபத்து. அங்கிருந்தே டிரான்ஸ்பார்மரையும் வரவழைக்கலாமே என்றால், அது 120 வோல்ட்டுக்கானது. நம் மின்சாரத்தில் எரிந்து போகும்.

ஆகவே 230 வோல்ட் கம்பிக்கும் மென்மையான மின்னணுக் கருவிக்கும் நடுவே ஒரு தூதுவர் வேண்டும். அவர் பெயர் ரிலே. ரிலேக்குள் ஒரு கம்பிச்சுருள் உண்டு. அதில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி, பக்கத்தில் உள்ள ஒரு தொடுமுனையை இழுத்து மூடும். சுருளின் மின்சாரம் தொடுமுனைக்குப் போகாது. செய்தி மட்டுமே போகும். 1872-ல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற தண்டவாள மின்சுற்று முதல் இன்றைய சிக்னல் ஏற்பாடுகள் வரை ரயில்வே இந்த ரிலேயை நம்பியே ஓடுகிறது.

இணைக்கும் முறை இதுதான்:

1. மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே கை வைக்கவேண்டும். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் செய்வதே நல்லது.

2. வேலையை வாசல் பொத்தானில் தொடங்க வேண்டாம். அந்தப் பெட்டியில் பெரும்பாலும் நியூட்ரல் கம்பி இராது. வீட்டுக்குள் மணி இருக்கும் இடத்தில் இரண்டு கம்பிகளும் கிடைக்கும்.

3. 230 வோல்ட் ஏ.சி. சுருள் கொண்ட ரிலேயை அதன் சாக்கெட்டோடு வாங்கி, சுருளின் இரு முனைகளையும் மணியின் இரு முனைகளோடு இணையாகச் சேர்க்கவும். இனிப் பொத்தானை அழுத்தினால் மணியும் அடிக்கும், ரிலேயும் இழுக்கும்.

4. ரிலேயின் காமன், என்.ஓ. என்ற இரு முனைகளிலிருந்து தனிக் கம்பி எடுத்து, பேட்டரியில் இயங்கும் கம்பியில்லாத் தொடர்பு சென்சாருக்குக் கொடுக்கவும். வெளிக்கம்பி இணைக்க முனைகள் உள்ள சென்சாராகக் கேட்டு வாங்கவேண்டும். இந்தக் கம்பியை 230 வோல்ட் கம்பி போகும் குழாயில் விடக்கூடாது.

5. சென்சார் தன் ஹப்புக்குச் சொல்லும். கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவதும் விளக்கை ஏற்றி அணைப்பதும் ஹப்பின் வேலை.

தெலுங்கில் இதை எப்படிச் சொல்வது என்று கவலை வேண்டாம். ரிலே, காயில், என்.ஓ. என்றால் எந்த ஊர் எலக்ட்ரீஷியனுக்கும் புரியும்!

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜிக்பீ, வைஃபை வகைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இங்கும் வேலை செய்யும். இசட்-வேவ் வகையோ நாட்டுக்கு நாடு அலை மாறும்; அமெரிக்காவில் வாங்கியது இங்குள்ள ஹப்போடு பேசாது. அதன் அலையை இங்கே பயன்படுத்தவும் அனுமதியில்லை.

பொத்தானில் சிறு சிவப்பு விளக்கு எரிகிறதா? அதன் வழியே எப்போதும் கொஞ்சம் மின்சாரம் கசியும். சில மின்னணு இணைப்புப் பலகைகள் அதையே அழைப்பு என்று நினைத்து நள்ளிரவில் எழுப்பிவிடும். சுருள் ரிலே இந்தச் சிறு கசிவுக்கு அசையாது. பொத்தான் வெளிக்கேட்டில் மழையில் நனையும் இடத்தில் இருந்தால் ஐப்பசி, கார்த்திகைக்கு முன் அதை மூடிய இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஈரக்கையும் 230 வோல்ட்டும் சேரக்கூடாது.

பேட்டரி வீடியோ மணி வாங்கினால் இந்தக் கம்பி வேலை எதுவும் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பேட்டரி தீர்ந்தாலோ வைஃபை நின்றாலோ வீட்டுக்குள் ஓசையே வராமல் போகலாம். ரயில்வேயில் ஏதாவது பழுதானால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். பழுதிலும் பாதுகாப்பு என்பதே அங்கே முதல் பாடம். மேலே சொன்ன முறையிலும் அதே நன்மை உண்டு. இன்டர்நெட் நின்றாலும், சென்சார் பேட்டரி தீர்ந்தாலும், பழைய மணி தன் பாட்டுக்கு அடிக்கும். புதியதைப் பழையதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பழையதை எடுத்துவிட்டு வைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் யாரையாவது பொத்தானை அழுத்தச் சொல்லி, பாட்டி வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து விளக்கு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.