பட்டினி நாடு அரிசி விற்ற கதை

முதல் ஆண்டு பஞ்சம். மறு ஆண்டு ஏற்றுமதி! வியட்நாமில் நடந்தது என்ன?

வியட்நாம் நாட்டின் தலைநகரம் ஹனாய். 1980-ம் ஆண்டுகளில் அந்த நகரத்து ரேஷன் கடைகளின் முன்னால் ஒரு விசித்திரமான காட்சியைக் காணலாம்.

பொழுது விடியும் முன்பே கடை வாசலில் "கியூ" தொடங்கிவிடும். அந்தக் கியூவில் மனிதர்கள் மட்டும் நிற்கவில்லை. ஒரு செங்கல் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பழைய கூடை. அதற்கும் பின்னால் ஒரு கல்! வேறு வேலைக்குப் போக வேண்டியவர்கள், தங்கள் இடத்தைப் பிடித்து வைப்பதற்காக விட்டுச் சென்ற அடையாளங்கள் அவை.

அரிசிக்கு ஒரு புத்தகம். இறைச்சிக்கு ஒரு கூப்பன். துணிக்கு ஒரு கூப்பன். கையில் பணம் இருந்தாலும் கூப்பன் இல்லாதவருக்குச் சர்க்கார் கடையில் சாமான் கிடைக்காது. கூப்பன் இருந்தாலும் கடையில் சரக்கு இருக்கும் என்ற நிச்சயம் இல்லை. யாராவது முகம் வாடி நின்றால், "அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவர் முகம் போல" என்று சொல்லுவார்கள். அது ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது.

அப்படிப்பட்ட நாடு 1989-ம் ஆண்டில் சுமார் 14 லட்சம் டன் அரிசியை வெளிநாடுகளுக்கு விற்றது. அரிசி விற்கும் நாடுகளில் தாய்லாந்து, அமெரிக்கா இரண்டுக்கும் அடுத்தபடியாக வந்து நின்றது.

இது எப்படி நடந்தது?

மணி அடித்தால் வேலை

வட வியட்நாமில் நிலமும் மாடும் கலப்பையும் கூட்டுப் பண்ணைகளின் கையில் இருந்தன. காலையில் மணி அடிக்கும். எல்லோரும் வயலுக்குப் போவார்கள். மாலையில் ஒவ்வொருவர் பெயரிலும் "வேலைப் புள்ளி" எழுதப்படும். அறுவடை முடிந்ததும் புள்ளிக்கு இவ்வளவு என்று நெல் கிடைக்கும்.

உயிரைக் கொடுத்து உழைத்தவனுக்கும் ஒரு புள்ளி. வரப்பில் உட்கார்ந்து எழுந்தவனுக்கும் ஒரு புள்ளி. பிறகு யார் வியர்வை சிந்துவார்கள்?

ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்த உபயோகத்துக்காகச் சிறிது நிலம் வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. பண்ணை நிலத்தில் 100-க்கு 5 பங்கு அப்படி ஒதுக்கப்பட்டது. அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் பயிர் செழித்து நின்றது! மண் ஒன்றுதான். உழுத கையும் ஒன்றுதான். பலன் யாருக்கு என்பதுதான் வித்தியாசம்.

துணிந்தவர் ஒருவர்

இதைக் கவனித்தவர் கிம் நொக் என்பவர். வின் ஃபுக் என்ற மாகாணத்தில் கம்யூனிஸ்டு கட்சியின் செயலாளர்.

1966-ம் ஆண்டு. நாட்டின் மேல் குண்டு மழை பொழிந்த நேரம். கிம் நொக் ஒரு காரியம் செய்தார். பண்ணை நிலத்தைக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்தார். "இவ்வளவு நெல்லைப் பண்ணைக்கு அளந்துவிடுங்கள். மிச்சம் உங்களுக்கு" என்பதுதான் ஏற்பாடு. நமது குத்தகை முறையைப் போன்றது.

மேலிடத்துக்குக் கோபம் வந்தது. 1968-ல் கட்சியின் பெருந்தலைவர்களில் ஒருவரான துருவோங் சின், கிம் நொக்கைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ஏற்பாடு நிறுத்தப்பட்டது. "நான் செய்தது தவறு" என்று கிம் நொக் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1979-ல் அவர் காலமானார்.

எட்டு மடங்கு விலை!

1975-ல் யுத்தம் முடிந்தது. மறு ஆண்டு வடக்கும் தெற்கும் ஒரே நாடாயின. ஆனால் வறுமை ஒழியவில்லை. அமெரிக்கா வியாபாரத் தடை போட்டிருந்தது. சோவியத் ரஷியாவின் உதவியை நம்பியே காலம் ஓடிற்று.

1981-ல் குடும்பங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளப் பண்ணைகளுக்கு அனுமதி வந்தது. விளைச்சல் கொஞ்சம் கூடிற்று. ஆனால் உரிய விலை கிடைக்கவில்லை.

1985-ல் சர்க்கார் பழைய நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. பழைய 10 டாங்குக்குப் புதிய 1 டாங்கு. (டாங்கு என்பது அந்த நாட்டு நாணயம்.) விலைவாசி அடங்கும் என்று எண்ணினார்கள். நடந்தது வேறு! 1986-ல் விலைகள் 700 சதவிகிதத்துக்கு மேல் ஏறின. அதாவது ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாங்குக்கு விற்ற பொருள், ஆண்டின் முடிவில் எட்டு டாங்குக்கும் மேல்!

அந்த ஆண்டு ஜூலையில் கட்சியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் யார் தெரியுமா? கிம் நொக்கைக் கண்டித்த அதே துருவோங் சின்தான். அவரே இப்போது மனம் மாறினார். டிசம்பரில் நடந்த கட்சியின் ஆறாவது மாநாட்டில் புதிய பாதை அறிவிக்கப்பட்டது. அதற்கு "டொய் மொய்" என்று பெயர். "புதுப்பித்தல்" என்று பொருள்.

கட்டு அவிழ்ந்தது

பொருளாதாரத் தாராளமயம் என்று படித்தவர்கள் சொல்லுவது இதைத்தான். எதை விளைவிப்பது, என்ன விலைக்கு விற்பது, யாருக்கு விற்பது என்பதையெல்லாம் சர்க்கார் தீர்மானித்து வந்தது. அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவதே தாராளமயம்.

1988-ம் ஆண்டின் தொடக்கத்தில் வடக்கு மாவட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஏப்ரலில் புதிய உத்தரவு பிறந்தது. நிலம் குடும்பங்களிடம் நீண்ட காலத்துக்கு ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டு விலைக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கின. பதுக்கி வைத்திருந்த நெல்லும் சந்தைக்கு வந்தது. தெற்கே மீகாங் ஆற்றுக் கழிமுகம் பொன் விளையும் பூமி. அங்கிருந்து அரிசிக் கப்பல்கள் புறப்பட்டன. கூப்பன்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

1993-ல் வந்த சட்டம், பயிர் நிலத்தை 20 ஆண்டு உபயோகிக்கும் உரிமையைக் கொடுத்தது. அந்த உரிமையைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், அடமானம் வைக்கலாம், பிறருக்கு மாற்றலாம். ஆனால் நிலம் இன்றும் மக்கள் அனைவருக்கும் பொதுச் சொத்து என்பதே சட்டம்.

கண்ணீரும் உண்டு

எல்லோர் வீட்டிலும் விளக்கு எரிந்ததா? இல்லை.

நஷ்டத்தில் ஓடிய சர்க்கார் ஆலைகளில் ஆட்குறைப்பு நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் வேலையை இழந்தார்கள். 1989-ல் ஆஸ்பத்திரியில் கட்டணம் வந்தது. பள்ளிக்கூடத்திலும் மேல் வகுப்புகளுக்குக் கட்டணம் வந்தது. வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், விற்பதற்கு மாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நிலைமை. பள்ளிக் கட்டணத்தை நீக்க நெடுங்காலம் ஆயிற்று. 2025-ல்தான் அரசாங்கப் பள்ளிகளில் கட்டணம் அடியோடு ரத்து செய்யப்பட்டது.

1997-ல் தாய் பின் என்ற நெல் மாகாணத்தில் விவசாயிகள் திரண்டு கிளர்ச்சி செய்தார்கள். வரிமேல் வரி போட்ட உள்ளூர் அதிகாரிகளின் ஊழல்தான் காரணம். விலைக்கட்டு அவிழ்ந்தது, அதிகாரியின் பிடி அவிழவில்லை.

மலைநாட்டில் காடுகளை அழித்துக் காப்பி பயிரிட்டார்கள். காப்பி ஏற்றுமதியில் வியட்நாம் பிரேசிலுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. ஆனால் 2001-ல் உலகச் சந்தையில் காப்பி விலை அதலபாதாளத்தில் விழுந்தது. கடன் வாங்கிப் பயிரிட்டவர்கள் கலங்கி நின்றார்கள். சந்தை கொடுக்கும், அதே சந்தை பறிக்கவும் செய்யும்!

இரண்டு நாடுகள், இரண்டு விதம்

ஆனாலும் மொத்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 1993-ல் வியட்நாமில் 100 பேரில் 58 பேர் வறுமையில் இருந்தார்கள். 2002-ல் அது 29 ஆகக் குறைந்தது. ஒன்பதே ஆண்டில் பாதி!

ரஷியாவும் கட்டை அவிழ்த்த நாடுதான். 1992 ஜனவரி 2-ந் தேதி அங்கே விலைகள் ஒரேயடியாக அவிழ்த்துவிடப்பட்டன. அந்த ஓர் ஆண்டில் விலைவாசி 25 மடங்குக்கு மேல் ஏறிற்று. ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு கரைந்து போயிற்று. ஆண்களின் சராசரி ஆயுள் 1990-ல் சுமார் 64. 1994-ல் 58-க்கும் கீழே போயிற்று.

மருந்து ஒன்றுதான். ஒரு நாடு எழுந்தது. ஒரு நாடு படுத்தது. ஏன்?

வியட்நாமில் முதலில் வயல் குடும்பங்களின் கைக்கு வந்தது. அதுவும் பெரும்பாலும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்பட்டது. எனவே விலை ஏறியபோது விற்பதற்கு விவசாயியிடம் நெல் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் ஏராளம். ரஷியாவிலோ பெரும்பாலோர் சம்பளத்தையும் பென்ஷனையும் நம்பி வாழ்ந்தவர்கள். விலை ஏறியபோது விற்பதற்கு அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. பெரிய எண்ணெய்க் கிணறுகளும் ஆலைகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடம் போய்ச் சேர்ந்தன.

ஆகவே, எந்த நாட்டிலாவது "கட்டை அவிழ்க்கப் போகிறோம்" என்று அறிவித்தால், இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். அவிழ்க்கும் நேரத்தில் ஏழையின் கையில் என்ன இருக்கும்? விழுந்தவனைத் தூக்க யார் இருப்பார்கள்?

முதல் கேள்விக்கு 1966-லேயே ஒரு மனிதர் விடை சொன்னார். 2009-ல் கிம் நொக்கின் பெயருக்கு வியட்நாம் அரசாங்கம் ஹோ சி மின் விருது வழங்கியது. அவர் இறந்து அப்போது 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.