சக்தி வரும்போது நாயகன் எங்கே?

விலங்காக மாறிக் குற்றவாளிகளைப் பிடிக்கும் நாயகன் என்று சொன்னதுமே பாதிக் கதை கிடைத்துவிட்டதுபோல் தோன்றும். பூட்டிய அறைக்குள் பாம்பாக நுழையலாம், மொட்டை மாடிக்கு மேலே பருந்தாக வட்டமிடலாம், துப்பாக்கியோடு நிற்பவன் எதிரே கருஞ்சிறுத்தையாகப் பாயலாம். இவ்வளவு தாராளமான கற்பனை, நடிகர்களை வைத்து எடுக்கும் தொலைக்காட்சித் தொடரில் ஏன் காலூன்றத் தடுமாறுகிறது என்பதை ஆராய, 1983இல் அமெரிக்காவின் என்பிசி ஒளிபரப்பிய 'மேனிமல்' நல்ல சான்று. அதன் நாயகன் ஜோனதன் சேஸ் பெரும் செல்வந்தர், விலங்குகளின் நடத்தையை ஆராயும் பேராசிரியர், தந்தையிடம் கற்ற ரகசியக் கலையால் எந்த விலங்காகவும் மாறக்கூடியவர். நியூயார்க் காவல்துறைக்குத் துப்புத் துலக்க உதவுகிறார். பிரிட்டிஷ் நடிகர் சைமன் மெக்கார்க்கிண்டேல் அந்த வேடத்தை ஏற்றார். செப்டம்பர் 30இல் தொடங்கிய தொடர், டிசம்பர் 17இல் எட்டாவது பகுதியோடு நின்றது. அதன் பிறகு அந்தப் பெயரை எடுத்தாலே கேலிதான். அந்தக் கேலியில் பெரும்பகுதி அநியாயம் என்றே நான் கருதுகிறேன். கற்பனையில் குற்றமில்லை. நாயகனின் சக்தி வெளிப்படும் அதே நொடியில் நாயகனே திரையைவிட்டுக் காணாமல் போகிறார் என்ற சிக்கலை அதை எழுதியவர்கள் தீர்க்கவில்லை.

இதே தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான கிளென் லார்சன், அதற்கு முந்தைய ஆண்டு அதே என்பிசிக்குத் தந்த 'நைட் ரைடர்' நான்கு பருவங்கள் ஓடியது. அங்கேயும் மனிதனல்லாத ஒன்றுதான் கவர்ச்சி: கிட் என்னும் கறுப்புக் கார். ஆனால் அந்தக் கார் பேசியது, வாதாடியது, எஜமானனைக் கண்டித்தது. சாகசம் உச்சத்துக்குப் போகும்போது ஓட்டுபவனும் காரும் சேர்ந்தே திரையில் இருந்தார்கள், அவர்களுக்கிடையே உரையாடலும் இருந்தது. 'மேனிமல்' உச்சத்துக்கு வரும்போதோ மெக்கார்க்கிண்டேல் விலகிக்கொள்ள, பயிற்சி பெற்ற ஒரு சிறுத்தை வந்து நிற்கும். அது அழகான விலங்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் சேஸ் அப்போது அஞ்சுகிறாரா, மனித நினைவோடு இருக்கிறாரா, இரத்த வாடை அவரை இழுக்கிறதா என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. வேலை முடிந்ததும் உடை உட்படப் பழைய மனிதராகத் திரும்பிவிடுவார். மாறியதற்கு அவர் கொடுத்த விலை என்று எதுவும் கதையில் தங்குவதில்லை.

ஒப்பனைத் திறமை போதவில்லை என்றும் சொல்ல முடியாது. உருமாற்றக் காட்சிகளை வடிவமைத்தவர் ஸ்டான் வின்ஸ்டன். பிற்பாடு 'டெர்மினேட்டர்', 'ஜுராசிக் பார்க்' படங்களில் உலகை வியக்கவைத்தவர். முகம் புடைப்பதும் விரல்கள் நகங்களாக நீள்வதும் அந்தக் காலத்துக்குச் சிறந்த வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் ரிக் பேக்கர் இதே வகை ஒப்பனைக்கு ஆஸ்கர் வென்றிருந்தார். அங்கே ஓநாயாகும் இளைஞன் வெளிச்சமான அறையில் எலும்பு முறியும் வலியில் கதறுகிறான். அந்த உருமாற்றம் அவனுக்கு நேரும் துயரம், அதனால் அதுவே கதையாகிறது. 'மேனிமல்' தொடரிலோ பருந்தாகவும் சிறுத்தையாகவும் மாறும் காட்சிகளை ஒருமுறை படமாக்கி, வாரந்தோறும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். மற்ற விலங்குகளாக மாறுவது பெரும்பாலும் காட்டப்படாமலே முடிந்தது. முதல் வாரம் வாய்பிளந்து பார்த்த காட்சி, நான்காம் வாரம் தொடரின் முகப்பு இசைக்குச் சமமாகிவிட்டது.

எதிர்வாதங்கள் உண்டு. சிபிஎஸ் ஒளிபரப்பிய 'டாலஸ்' தொடருக்கு நேர் எதிரே வெள்ளிக்கிழமை இரவில் நிறுத்தியதால்தான் இது வீழ்ந்தது என்பார்கள். அந்தப் பருவத்தில் அமெரிக்காவிலேயே அதிகம் பார்க்கப்பட்டது 'டாலஸ்', ஆகவே இதில் உண்மை இருக்கிறது. என்பிசி அந்த இலையுதிர் காலத்தில் இறக்கிய மற்றப் புதிய தொடர்களும் அங்கே இரண்டாம் ஆண்டைக் காணவில்லை. ஆனால் கடைசிப் பகுதிகள் சனிக்கிழமைக்கு மாறிய பின்னும் பார்வையாளர்கள் திரளவில்லை. கணினி வரைகலை இல்லாத காலம், செலவு தாங்காது என்பது இன்னும் வலுவான வாதம். 35 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த 'டைட்டன்ஸ்' தொடரிலும், எந்த விலங்காகவும் மாறவேண்டிய பீஸ்ட் பாய், முதல் பருவத்தில் புலியாக மட்டுமே மாறினான். விலங்குகளின் எண்ணிக்கை குறைந்ததற்குச் செலவு காரணமாக இருக்கலாம். சிறுத்தைக்குள் இருக்கும் மனிதனைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டதற்குச் செலவு எப்படிக் காரணமாகும்?

1965இல் 'டூம் பேட்ரோல்' காமிக்ஸில் அறிமுகமான அதே பீஸ்ட் பாய் இதற்கு ஓர் எளிய விடை வைத்திருந்தான். எந்த விலங்காக மாறினாலும் அவன் உடல் பச்சையாகவே இருக்கும். யானையோ எலியோ, பச்சை நிறத்தைக் கண்டதும் இது அவன்தான் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். வில்லனுக்கும் தெரிந்துவிடும், ஆகவே ஒளிந்துகொள்ளும் வசதி பறிபோகிறது. காமிக்ஸ் ஓவியருக்குப் புலியும் திமிங்கிலமும் ஒரே செலவு என்பது உண்மை. ஆனால் பச்சை நிறம் கதைக்கே உரிய யோசனை. 1988இல் கிராண்ட் மாரிசன் எழுதத் தொடங்கிய 'அனிமல் மேன்' இன்னும் ஆழமாகப் போனது. அதன் நாயகன் பட்டி பேக்கர் உருமாறுவதில்லை. அருகிலுள்ள விலங்குகளின் ஆற்றலை மட்டும் பெறுகிறான். பறவையின் பறக்கும் திறனைக் கடன் வாங்குபவன், அந்தப் பறவைக்கு மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியுமா? அவன் இறைச்சியைக் கைவிடுகிறான், ஆய்வுக்கூடங்களில் விலங்குகள் வதைபடுவதை எதிர்க்கிறான், அதனால் வீட்டில் மனைவி மக்களோடும் உரசல் வருகிறது. இந்தக் கற்பனை குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்பவர்களுக்கு அந்தக் காமிக்ஸைக் காட்டலாம். விலங்குகளைப் பற்றியே பாடம் நடத்திய பேராசிரியர் சேஸ், எட்டுப் பகுதிகளிலும் சிறுத்தையின் வலிமையை எடுத்துக்கொண்டார். அந்தச் சிறுத்தையின் பக்கம் நின்று ஒரு வழக்கையாவது பார்க்கும் வாய்ப்பை அவரை எழுதியவர்கள் அவருக்குத் தரவில்லை.