கடலுக்குள் போகும் வெப்பத்தை அளப்பது எப்படி?

கடல் நீர் எவ்வளவு சூடு என்று கேட்டால் வெப்பமானி சொல்லிவிடும். ஒவ்வொரு நொடியும் கடலுக்குள் எவ்வளவு வெப்பம் போகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று கேட்டால்? அதைச் சொல்ல ஒரே கருவி போதாது.

ஏனென்றால் வெப்பம் நான்கு வழிகளில் போய் வருகிறது. வெயில் உள்ளே இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் வானுக்கும் கடலுக்கும் இடையே போய் வருகின்றன. உரசிப்போகும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். நான்காவது, ஆவியாதல். குளித்துவிட்டுத் துவட்டாமல் நின்றால் உடம்பு சில்லிடுமே, அதே வேலைதான். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும்!

வெயிலை அளப்பது பைரனோமீட்டர். இரட்டைக் கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு கறுப்புப் பரப்பு; அது சூடாகும்போது சிறு மின்னழுத்தம் உண்டாகும். கரையில் இது சுலபம். நடுக்கடலில் கருவியைத் தாங்கும் மிதவையை விட்டால் பறவைக்கு உட்கார வேறு இடம் ஏது? எச்சமிட்டால் கண்ணாடி மறைந்துவிடும். அதனால் கருவியை மிதவையின் உச்சியில், எந்தக் கம்பியின் நிழலும் படாத இடத்தில் வைத்து, பறவைகள் அமராதபடி கூர்முனைகளும் பொருத்துவார்கள்.

காற்று எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை அறியக் காற்றின் வெப்பநிலை வேண்டும். அதை அளப்பதிலும் ஒரு வம்பு உண்டு. வெயில் கருவியையே சுட வைத்துவிடும். ஆகவே காற்று புகுந்து போகும்படி வெள்ளைத் தட்டுகளை அடுக்கி, உள்ளே அதை ஒளித்து வைக்கிறார்கள். ஆவியாதலைக் காற்றின் வேகம், ஈரப்பதம், நீரின் வெப்பநிலை ஆகியவற்றிலிருந்து பெரும்பாலும் கணக்கிட்டே அறிகிறார்கள்.

1992–93இல் மேற்குப் பசிபிக்கில் நடந்த பெரிய ஆய்வில், பிழை சதுர மீட்டருக்கு 10 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஏன் இவ்வளவு கறார்? ஓராண்டு முழுக்க 10 வாட் கூடுதலாகப் போனால், 50 மீட்டர் ஆழம்வரை உள்ள நீர் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி சூடேறிவிடும். வங்கக் கடலில் புயல்கள் பலம் பெறுவது இந்த மேல்நீரின் சூட்டில்தான்.

2014 டிசம்பரில், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் நிதி' கப்பலிலிருந்து வங்கக் கடலின் வடபகுதியில் ஒரு மிதவையை இறக்கினார்கள். அது அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் மிதவை. ஓராண்டுக்கு மேல் அங்கேயே நின்று அளந்தது. இத்தகைய மிதவைகளில் கருவிகளை இரண்டிரண்டாக வைப்பது வழக்கம். இரண்டும் வேறு வேறு கணக்குச் சொன்னால், ஏதோ ஒன்றில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

எச்சத்தைக்கூட மழை கழுவிவிடலாம். அலை தெறித்துக் காய்ந்த உப்பு? துடைக்க ஆளில்லாத இடத்தில் அந்தக் கண்ணாடியை நீங்களாக இருந்தால் எப்படிச் சுத்தமாக வைப்பீர்கள்? யோசித்து, படம் வரைந்து அனுப்புங்கள்.