பந்து எங்கே விழும்?

ஆள் குறைந்தால் மட்டும் உங்களை ஆட்டத்தில் சேர்த்து, எல்லைக் கோட்டருகே நிறுத்திவிடுகிறார்களா? அங்கும் பந்து வரும். வரக்கூடாதென்று நீங்கள் வேண்டிக்கொள்ளும்போதுதான் வரும்!

உங்களை நோக்கி உயரக் கிளம்பும் பந்தின் பாதையைக் கணக்கிட நேரமேது? கண்ணைப் பந்தின் மீதே வையுங்கள். 1968-இல் அமெரிக்க இயற்பியலாளர் செவில் சாப்மன் பேஸ்பாலை வைத்து விளக்கிய வழி இது. பந்து மேலேறும் வேகம் உங்கள் பார்வைக்குக் கூடிக்கொண்டே போகிறதா? அது தலையைத் தாண்டிவிடும், பின்னே ஓடுங்கள். வேகம் தளர்கிறதா? முன்னே ஓடுங்கள். சீராக ஏறினால், நின்ற இடமே சரி. (காற்றின் தடையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.)

பிடிக்கும்போது கைகளைப் பந்தோடு பின்னிழுங்கள். 5 செ.மீ.க்குப் பதில் 50 செ.மீ. தூரத்தில் பந்தை நிறுத்தினால், உள்ளங்கை தாங்கும் சராசரி விசை பத்தில் ஒரு பங்கே! தோல் பந்தின் எடை சுமார் 160 கிராம். முதலில் டென்னிஸ் பந்தில் பழகுங்கள்.