மூடவும் இல்லை, ஓடவும் இல்லை: மில்காரருக்கு மறுபயிற்சி தருவது யார்?

கோவை காட்டூரில் சோமசுந்தரா மில் ரோடு இருக்கிறது. தேசிய பஞ்சாலைக் கழகத்தின், அதாவது என்.டி.சி.யின், தென்மண்டல அலுவலகம் அந்த ரோட்டில்தான். ரோட்டுக்குப் பேர் கொடுத்த மில் நின்று ரொம்ப காலம் ஆகிறது. கழகத்தின் கையில் மிச்சமிருந்த கோவை மில்கள் ஐந்து: பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், சி.எஸ். அண்ட் டபிள்யூ. கடைசியாகச் சொன்னது 1888-ல் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்தது. இந்த ஊரின் முதல் நூற்பாலை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நாடு முழுக்க என்.டி.சி. மில்களை நிறுத்தினார்கள். இடையில் ஒன்றிரண்டு இடத்தில் கொஞ்ச காலம் ஓடியது போக, வருஷக்கணக்கில் மெஷின் சத்தமே இல்லை. தொழிற்சங்கங்கள் சம்பளப் பாக்கிக்கும் மில்லைத் திறக்கவும் அந்த அலுவலக வாசலில் உட்காருவது வழக்கமாகிவிட்டது.

இந்த மில்காரர்களுக்கு வேலை போய்விட்டதா? வீட்டில் கேட்டால் போய்விட்டது. ஃபைலில் போகவில்லை. மில்லை முறைப்படி மூடினால்தான் அது ‘மூடல்’, ஆளை முறைப்படிக் கழித்தால்தான் அது ‘ஆட்குறைப்பு’. இரண்டும் நடக்காதவரை அவர் பணியில் இருப்பவர். வேலை இழந்தவருக்கென்று அரசு வைத்திருக்கிற எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

கதவுகள் இல்லாமல் இல்லை. 1986-ல் வந்த ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதி, மூடிய மில்லின் தொழிலாளிக்கு முதல் வருஷம் சம்பளத்தில் 75 சதவீதம், அடுத்த வருஷம் 50, மூன்றாம் வருஷம் 25 என்று கொடுத்தது. 2017-ல் அதை இ.எஸ்.ஐ.யின் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அந்தத் திட்டத்தில் ஆலை மூடலிலோ ஆட்குறைப்பிலோ வேலை இழந்தவருக்கு முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த பன்னிரண்டு மாதம் கால் பங்கு. தொழிற்பயிற்சிக்குப் போனால் அந்தச் செலவையும் இ.எஸ்.ஐ.யே ஏற்கும். படித்தால் நல்ல திட்டம்தான். கோவையில் பஞ்சாலை வாசலில் நிற்கிற பத்துப் பேரைக் கேட்டால், இப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

அடுத்த கதவு புதிது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் தொழிலாளர் மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு செய்கிற முதலாளி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை அதில் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். மாதம் 15,000 வாங்கியவருக்கு ஏழெட்டாயிரம் ரூபாய் வரும். மறுதிறன் என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, எங்கே போய் என்ன கற்றுக்கொள்வது, யார் கற்றுத் தருவது என்று கேட்டால் சட்டத்தில் பதில் இல்லை. மளிகைக் கடைப் பாக்கிக்கும் பிள்ளையின் ஃபீஸுக்கும் அந்த வாரமே கரைந்துவிடுகிற தொகை. இன்னொன்றும் உண்டு. ஆட்குறைப்புக்கு மட்டும்தான் இது என்று பிரிவே சொல்கிறது. ‘விருப்ப’ ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு அதுவும் கிடையாது. கொங்கு நாட்டில் எத்தனை மில்கள் ஆட்குறைப்பு என்று எழுதிக் கொடுத்து ஆளை அனுப்பியிருக்கின்றன என்பது மில் ஏரியாவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது கதவு திறன் பயிற்சி. கொங்கு நாட்டுக்கு இது புதிதில்லை. பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926-லேயே தொழிற்பயிற்சிக்கு அடி போட்டது. மில் முதலாளிகளின் சைமா சங்கம் 1933-ல் வந்தது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா 1956 முதல் அவினாசி ரோட்டில் இருக்கிறது. நூற்பு மெஷினைப் பார்க்கிற சைடர், நூல் நிறைந்த குழலை மாற்றுகிற டாஃபரில் தொடங்கி மேஸ்திரி, மேனேஜர் வரை அங்கே பயிற்சிக்குப் போகாத மில் குறைவு. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கென்றே தையல் பயிற்சி மையங்கள் பெருகிக் கிடக்கின்றன. ஒன்றிய ஜவுளி அமைச்சகம் 2017 டிசம்பரில் 1,300 கோடி ரூபாயில் ஒப்புதல் கொடுத்த ‘சமர்த்’ திட்டம், பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டம், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சிகள் என்று பணமும் வருகிறது. பயிற்சி கொடுக்க இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. ஆனால் ஐம்பது வயது சைடர் மட்டும் அந்த வகுப்பில் இருக்க மாட்டார்.

ஏன் என்பது பயிற்சி நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 2015-ல் ஒன்றிய அரசு எல்லாத் திறன் திட்டங்களுக்கும் ஒரே பொது விதிமுறை கொண்டுவந்தது. ஒருவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சிக்கு இவ்வளவு என்று விலை; அப்போது முதல் வகைத் தொழில்களுக்கு 38 ரூபாய் 50 காசு. பேட்ச் தொடங்கும்போது 30 சதவீதம், பயிற்சி முடிந்து சான்றிதழ் வந்ததும் 50, வேலை வாங்கிக் கொடுத்தபின் மீதி 20. பின்னால் விகிதங்கள் மாறின, கட்டணம் கூடியது, ஆனால் அச்சு அதேதான்.

முப்பது பேர் கொண்ட பேட்ச், 300 மணி நேரப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 11,550 ரூபாய், மொத்தம் 3,46,500. இதில் கடைசி 20 சதவீதமான 69,300 ரூபாய்தான் நிறுவனத்துக்குக் கையில் நிற்கிற லாபம். மீதியை வாடகை, மெஷின், வாத்தியார் சம்பளம், கைரேகைக் கருவி, கேமரா எல்லாம் தின்றுவிடும். முப்பது பேரும் தேறினால், மூன்று மாதத்துக்குள் 21 பேருக்கு வேலை கிடைத்திருந்தால்தான் 69,300 முழுதாக வரும். பதினைந்துக்கும் 21-க்கும் நடுவே நின்றால் விகிதப்படி. பதினைந்துக்குக் கீழே போனால் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

இப்போது அந்த நிறுவனத்தை நடத்துகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வரிசையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் பத்தொன்பது வயது, ப்ளஸ் டூ முடித்தவர், ஹாஸ்டலில் தங்கச் சம்மதம், எந்த ஊர் மில்லுக்கும் போவார். இன்னொருவர் நாற்பத்தெட்டு வயது, எட்டாவது படிப்பு, சிங்காநல்லூரில் சொந்த வீடு, அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டும், அரை நைட் ஷிப்டுக்கு உடம்பு தாங்காது. யாரைச் சேர்ப்பீர்கள்? நிறுவனத்தை நடத்துகிறவர் ஈவிரக்கம் இல்லாதவர் என்பதல்ல. பயிற்சி இல்லாமலே வேலை கிடைத்திருக்கக்கூடிய ஆளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அவருக்கு நஷ்டமில்லாத வழி. விதியை எழுதியவர்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

வயது வரம்பு தனிக் கதை. கிராமப்புற இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய திட்டத்தில் ஆண்களுக்கு 35, பெண்களுக்கு 45. பிரதமர் திட்டத்தின் குறுகியகாலப் பயிற்சிக்கு 45. மாநிலத்தின் நான் முதல்வன், 2022-ல் கல்லூரிப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கியது. பிரதமர் திட்டத்தில் ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்கு என்று ஒரு பிரிவு உண்டு. அதில் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். பொது விதிமுறையில் வேலையில் இருப்பவருக்கு மறுபயிற்சி என்றும் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வெற்றிக்கு அளவுகோல் என்ன தெரியுமா? பதினான்கு மாதத்துக்குள் 70 சதவீதம் பேருக்குக் குறைந்தது 3 சதவீதச் சம்பள உயர்வு. வேலையே போனவருக்கு எதிலிருந்து 3 சதவீதம்? விண்ணப்பத்தில் இருப்பவை இரண்டே கட்டங்கள்: புதிதாக வேலைக்கு வருகிறவர், வேலையில் இருக்கிறவர். இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்?

அப்படியும் ஒருவர் சேர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே கைரேகைக் கருவி அவரைத் தடுக்கும். ஆதார் வழி வருகைப் பதிவு இல்லாமல் மணிக் கணக்கு ஏறாது, மணி ஏறாவிட்டால் பணம் வராது. வருஷக்கணக்கில் அறுந்த நூலை முறுக்கி முறுக்கி ஒட்டிய கட்டைவிரலில் ரேகை மழுங்கியிருக்கும். பையன்கள் வரிசையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். இவர் விரலை ஈரத்துணியில் துடைத்து, வேட்டியில் துடைத்து, மறு கை விரலை வைத்துப் பார்த்து நிற்பார். பின்னால் இருப்பவன் அவர் மகன் வயசு. “ஏனுங்கண்ணா, இந்த வயசுல போயி நான் பெஞ்சுல உக்காரோணுங்களா?” என்ற கேள்வி அந்த வரிசையில்தான் பிறக்கிறது.

அதைவிடப் பெரிய தடை, பயிற்சி நடக்கிற மாதங்களில் அடுப்பெரிப்பது. உடுமலை, பல்லடம், சோமனூர் பக்கம் தறி நின்றவரோ, பீளமேட்டில் மில் நின்றவரோ மூன்று மாதம் சும்மா வகுப்புக்குப் போக முடியாது. அப்பார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் வேலை மறுநாளே கிடைக்கும். போய்விடுவார். கணபதி பட்டறைகளில் கை உதவிக்கு ஆள் கேட்பார்கள். போய்விடுவார். ஒரு ஃபிரேமின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டதா பெல்ட் தளர்ந்ததா என்று சொல்லக்கூடிய ஆள், கேட்டைத் திறந்து மூடுகிறார்.

இதெல்லாம் முன்னால் யோசிக்காத விஷயமும் இல்லை. 1992 பிப்ரவரியில், புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னால், தேசிய புதுப்பிப்பு நிதி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வேலை இழக்கிறவருக்கு ஆலோசனை, மறுபயிற்சி, வேறு வேலை எல்லாம் தருவதாகத்தான் பேச்சு. பணத்தின் பெரும்பகுதி வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் தொகை கொடுக்கவே போய்விட்டது. 2000-ல் அதை மூடிவிட்டு, பொதுத்துறை ஊழியர்களுக்கு மட்டும் ஒரு மறுபயிற்சித் திட்டம் வந்தது. 2007-ல் அதைத் திருத்தியபோது, விருப்ப ஓய்வு பெற்றவருக்குப் பதிலாக அவர் குடும்பத்தில் ஒருவர் பயிற்சிக்கு வரலாம் என்றார்கள். நியாயமாகத்தான் தெரிகிறது, அப்பாவுக்குப் பதில் பையன் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனான். ஆனால் வேலை இழந்தவருக்குக் கற்றுத் தர முடியாது என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரியும் இருக்கிறது.

இப்போதைய பயிற்சித் திட்டத்தில் பணம் போன வழியைத் தணிக்கை அதிகாரி பார்த்திருக்கிறார். பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டம் பற்றி 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கையில், 95.9 லட்சம் பேரில் 94.53 சதவீதம் பேருக்கு வங்கிக் கணக்கு என்ற இடத்தில் பூஜ்யம், வெற்றிடம், இப்படி ஏதோ ஒன்றுதான் இருந்தது. குறுகியகாலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர்களில் வேலைக்குப் போனவர்கள் 41 சதவீதம். யார் வந்தார் என்பதே பதிவில் சரியாக இல்லாதபோது, வந்தவர் மூடிய மில்லிலிருந்து வந்தாரா என்று தேடுவதில் அர்த்தமில்லை.

உண்மையான மறுபயிற்சி இங்கே வேறு இடத்தில் நடக்கிறது. மில்லில் வைண்டிங் பார்த்த பெண் திருப்பூர் கம்பெனி வேனில் ஏறுகிறார். முதலில் கைமடி வேலை. டைலர் தைத்துப் போடுகிற துண்டை எடுத்து, அடுக்கி, பிசிறு வெட்டிக் கொடுப்பது. மத்தியானம் டைலர் சாப்பிடப் போகும்போது ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்க்கிறார். மேஸ்திரி கண்டும் காணாத மாதிரி போகிறார். இரண்டொரு மாதத்தில் லைனில் ஒரு டைலர் வராத நாள் பார்த்து அவருக்கு மெஷின் கிடைக்கும். சான்றிதழ் இல்லை, கைரேகை இல்லை, ஆனால் கற்றுக்கொண்ட காலத்திலும் ஷிப்டுக்குச் சம்பளம் இருந்தது. வித்தியாசம் அங்கேதான்.

அந்தச் சம்பளம்தான் சட்டத்துக்குள் வர வேண்டும் என்பது என் கட்சி. சிங்கப்பூரில் நாற்பது வயதைத் தாண்டியவர் தேர்ந்தெடுத்த முழுநேரப் படிப்பில் சேர்ந்தால், 2025-லிருந்து மாதம் 3,000 சிங்கப்பூர் டாலர் வரை பயிற்சிக்கால உதவித்தொகை கிடைக்கிறது, அதிகபட்சம் 24 மாதத்துக்கு. ஜெர்மனியில் ஆளைக் கழிக்கும்போது ஒரு இடைக்கால நிறுவனத்துக்கு மாற்றி, ஒரு வருஷம் வரை பழைய நிகரச் சம்பளத்தில் 60 அல்லது 67 சதவீதம் கொடுத்துக்கொண்டே பயிற்சியும் வேலைத் தேடலும் நடத்துகிறார்கள். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை என்பது சரி. ஆனால் இ.எஸ்.ஐ. தரும் பாதிச் சம்பளம் ஒரு அலுவலகத்தில், 15 நாள் மறுதிறன் நிதி இன்னொரு சட்டத்தில், பயிற்சிக் கட்டணம் மூன்றாவது துறையில் என்று கிடப்பதை ஒரே ஆளின் பெயரில் சேர்த்தாலே கோவையில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

பயிற்சி கொடுக்கிறவருக்கும் விதியை மாற்ற வேண்டும். நாற்பதைத் தாண்டிய, மில் மூடலில் வந்த ஒருவரைச் சேர்த்தால் மணிக்கட்டணம் கூட. மூன்று மாதத்தில் வேலை என்பதற்குப் பதிலாக, ஒரு வருஷம் அதே சம்பளத்தில் நின்றால் கடைசித் தவணை. ஆளை எடுக்கப்போகிற பட்டறையோ பம்ப் கம்பெனியோ தன் ஷெட்டிலேயே பயிற்சி கொடுத்தால் அதற்கும் அந்தப் பணம். ஷெட்டில் கற்றுக்கொடுப்பது கோவைக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மில் வருஷக்கணக்கில் நின்றிருந்தால் அதன் தொழிலாளியை வேலை இழந்தவர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க ஒரு அதிகாரி வேண்டும். ஆறு மாதம் உற்பத்தி இல்லாத ஆலையை மறுபயிற்சிக்கு மட்டும் மூடியதாகக் கருதலாம் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்; பாக்கிச் சம்பளம், கிராஜுவிட்டி வழக்கு எதையும் அது தொடாது. அந்த வரி வந்தால் பங்கஜா மில் ஃபிட்டர் சிட்ரா வாசலுக்கு வரும்போது, அவரை எந்தக் கட்டத்தில் பதிவது என்று பயிற்சி மையத்தில் யாரும் தலையைச் சொறிய வேண்டியிருக்காது.