விடை அச்சிடாத பாடநூல்: ஹோஷங்காபாதின் முப்பது ஆண்டுகள்

புதுடெல்லி: பாடநூலில் கேள்விகள் இருந்தன. செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் இருந்தன. விடைகள் மட்டும் இல்லை. மாணவர்கள் தாங்களே சோதனை செய்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிச் சேர்த்த பிறகுதான் அந்த நூல் முழுமை பெற்றது. ஏதோ ஒரு தனியார் பள்ளியின் பரிசோதனை முயற்சி அல்ல இது. மத்தியப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில், அந்த மாநிலப் பாடநூல் கழகம் அச்சிட்டு வழங்கிய ‘பால் வைக்யானிக்’ எனும் அறிவியல் நூலின் கதை. இந்தி மொழியில் அப்பெயருக்குக் குழந்தை விஞ்ஞானி என்று பொருள்.

1972ஆம் ஆண்டு ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் இத்திட்டம் தொடங்கியது. பன்கேடி பகுதியில் இயங்கிய கிஷோர் பாரதியும், ரசூலியாவில் இருந்த ஃபிரண்ட்ஸ் கிராமப்புற மையமும் அரசின் ஒப்புதலோடு இதனைக் கையில் எடுத்தன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் துணை நின்றனர். தலைநகர் டெல்லிக்கும் இதில் பங்குண்டு. டெல்லிப் பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்கள் ஹோஷங்காபாத் சென்று பணியாற்ற வழி செய்து கொடுத்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எழுதுவதற்காக நர்மதைக் கரைக் கிராமங்களில் தங்கியது, நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

ஆய்வகம் இல்லாத பள்ளிகளில் அறிவியலை எப்படிச் செய்து பார்ப்பது? வயலும் ஓடையும் வானமும் ஆய்வகமாயின. இலைகளையும் வேர்களையும் திரட்டி வகைப்படுத்துவது, நட்ட குச்சியின் நிழலைக் கொண்டு சூரியனின் போக்கை அறிவது, நாணயத்தைச் சுண்டிச் சுண்டிக் குறித்து நிகழ்தகவின் சூட்சுமத்தைப் பிடிப்பது எனப் பாடங்கள் நகர்ந்தன. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி இல்லாத இடத்தில் கருவேல முள் போதுமானதாக இருந்தது. அந்த முள்ளும் சைக்கிள் வால்வு டியூபும் சேர்ந்து வடிவியல் உருவங்களாகவும் ஆயின.

கான்பூர் ஐஐடியில் படித்து புனேயின் டெல்கோ தொழிற்சாலையில் பணியாற்றிய அரவிந்த் குப்தா, 1978ல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கு வந்தார். வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு முக்கோணம், சதுரம், கனசதுரம் என அவர் உருவாக்கிய மாதிரிகள் பிறகு நூலாகி, பல இந்திய மொழிகளுக்குச் சென்றன. பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது 2018ல்.

திட்டத்தின் உயிர்நாடி தேர்வு முறையில் இருந்தது. மாணவர்கள் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் தேர்வறைக்குள் எடுத்துச் செல்லலாம். மனப்பாடத்துக்கு அங்கே வேலை இல்லை. செய்முறைத் தேர்வும் உண்டு. எட்டாம் வகுப்பு அரசுத் தேர்விலேயே இம்முறை ஏற்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சியும், மாதந்தோறும் கூட்டமும் நடந்தன. ‘எனக்குத் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்’ என்று மாணவர்கள் முன் சொல்லும் துணிவை ஆசிரியருக்கு ஊட்டுவதுதான் எல்லாவற்றிலும் கடினமான பயிற்சியாக இருந்திருக்க வேண்டும். வகுப்பில் தீராத கேள்விகளை ‘சவாலிராம்’ என்ற கற்பனைப் பாத்திரத்துக்குக் குழந்தைகள் கடிதமாக எழுதினார்கள், பதிலும் வந்தது.

1978ல் மாவட்டம் முழுவதற்கும் திட்டம் விரிந்தது. 1982ல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு பொறுப்பை ஏற்று மேலும் பல மாவட்டங்களுக்குக் கொண்டு சென்றது. குழந்தைகளுக்கென ‘சக்மக்’ என்ற இந்தி மாத இதழை 1985ல் அது தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ அதற்கு இரண்டாண்டு இளையது. புத்தகம் வாங்க முடியாத வீடுகளின் குழந்தைகளுக்கும் அறிவியல் உரியது என்ற எண்ணம் அந்தப் பத்தாண்டில் நாட்டின் பல மூலைகளில் ஒரே நேரத்தில் முளைத்தது.

முப்பது ஆண்டுகள் ஓடிய திட்டத்தை 2002 ஜூலையில் ஓர் அரசாணை நிறுத்தியது. அப்போது திக்விஜய் சிங் தலைமையிலான காங்கிரஸ் ஆட்சி. திட்டத்தை மூடும் கோரிக்கையை மாவட்டத் திட்டக் குழுவில் எழுப்பியவரோ எதிர்க்கட்சியான பாஜகவின் சட்டமன்ற உறுப்பினர். மற்ற விஷயங்களில் ஒத்துப்போகாத இரு கட்சிகள், மாநிலமெங்கும் ஒரே பாடநூல் என்பதில் ஒத்துப்போயின. மறுபரிசீலனை கோரி விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் முதல்வருக்கு எழுதிய கடிதங்களால் பயன் விளையவில்லை. அதிகாரம் பரவலாக்கப்படுவதாகப் பேசப்பட்ட காலத்தில்தான், ஒரு மாவட்டம் முப்பது ஆண்டுகளாக வளர்த்த பாடநூல் மாநிலச் சீர்மையின் பெயரால் அகற்றப்பட்டது.

நூல் போனாலும் அதன் சிந்தனை போய்விடவில்லை. ஹோஷங்காபாதுக்குத் தொடக்கத்திலிருந்தே துணை நின்ற இயற்பியலாளர் யஷ் பால், தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு 2005ஐ உருவாக்கிய வழிகாட்டுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். மனப்பாடத்தை விட்டு விலகி, பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்க்கையோடு பாடத்தை இணைக்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. ஆயினும் தேர்வு முறை அந்த அளவுக்கு மாறவில்லை. ஹோஷங்காபாதில் தேர்வும் பாடமும் சேர்ந்தே மாறின. 2005க்குப் பின் பாடம் மாறிய அளவுக்குத் தேர்வு மாறவில்லை. பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகள் நகரங்களை மூடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என்சிஇஆர்டி 2023ல் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமக் கொள்கைப் பகுதியை நீக்கியது. எதிர்த்து 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டனர். மேல்நிலை வகுப்பில் அப்பகுதி இருக்கிறதே என்பது அதிகாரிகளின் வாதம். பத்தாம் வகுப்போடு அறிவியலை விடும் பிள்ளைகள் டார்வினை எங்கே சந்திப்பார்கள் என்பதற்கு அந்த வாதத்தில் விடையில்லை. அடுத்த ஆண்டே ஆறாம் வகுப்புக்கு வந்த புதிய அறிவியல் நூலுக்கு அதே நிறுவனம் சூட்டிய பெயர் ‘கியூரியாசிட்டி’. அறியும் ஆவல் என்று பொருள்.

ஹோஷங்காபாத் நகரம் 2022 முதல் நர்மதாபுரம் என்று அழைக்கப்படுகிறது. ‘சக்மக்’ போபாலிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.