மருத்துவரும் துணைவரும் கணிப்பொறியும்

நீரிழிவுக்கு மருந்தில்லாமல் இல்லை. தில்லி போன்ற தலைநகரில் மருத்துவருக்கும் குறைவில்லை. எனினும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகிய மூன்றும் ஒருசேர அடங்கிய நோயாளரைக் காண்பது அரிது. அடங்காவிடில் கண், சிறுநீரகம், இருதயம் என ஒவ்வொன்றாகப் பழுதுறும் என்பதை நேயர்கள் அறிவர். குறை எங்கே உள்ளது? சில நிமிட நேரமே கிடைக்கும் மருத்துவர், பழைய சீட்டைக் கொண்டுவர மறந்த நோயாளி, இவ்விருவருக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில்தான் என்று சொல்லலாம்.

அவ்வெற்றிடத்தை நிரப்ப இயலுமா என்று சோதித்தது ‘கார்ஸ்’ என்னும் ஆய்வு. டாக்டர் துரைராஜ் பிரபாகரன், தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் நிகில் டண்டன் முதலியோர் இதில் பங்கு கொண்டனர். இந்தியாவிலும் பாகிஸ்தானிலுமாக 10 மருத்துவ நிலையங்களில், நோய் கட்டுக்கடங்காத 1,146 பேர் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்க்கு அத்துடன் இரண்டு உதவிகள். ஒன்று, பராமரிப்புத் துணைவர். (ஆங்கிலப் பதவிப் பெயரை நாம் இவ்வாறே தமிழாக்கிக் கொள்கிறோம், ‘ஒருங்கிணைப்பாளர்’ என்றால் அலுவலக வாடை அடிக்கிறது.) இவர் மருத்துவர் அல்லர், நோயாளியுடன் அடிக்கடி தொடர்பு கொண்டு, மருந்தையும் உணவையும் அடுத்த வருகையையும் நினைவூட்டுபவர். மற்றொன்று, பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து வைத்து, அடுத்துச் செய்யத் தக்கதை எடுத்துக்காட்டும் கணிப்பொறிப் பதிவேடு. அதனை ஏற்பதும் மாற்றுவதும் மருத்துவரின் உரிமை.

முடிவு 2016-இல் வெளிவந்தது. சர்க்கரையோடு மற்ற இரண்டில் ஒன்றையேனும் இலக்குக்குள் கொணர்ந்தோர், வழக்கமான சிகிச்சையில் நூற்றுக்கு 8.1, துணை பெற்றோரில் 18.2. இரு மடங்கு என மகிழலாம். ஆனால் எஞ்சிய எண்பதுக்கு மேற்பட்டோரை எண்ணுகையில் அம்மகிழ்ச்சி அடங்கிவிடுகிறது.

கருவி மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் ‘எம்வெல்கேர்’ ஆய்வு நடைபெற்றது. ஒரு பிரிவில் செவிலியர் கையில் கணினிப் பலகை. மறு பிரிவில் பயிற்சியும் சுவரில் தொங்கும் விளக்கப் படங்களுமே. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் இரத்த அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது! 2019-இல் வெளியான இம்முடிவு, கருவி வாங்கவே விரையும் அதிகாரிகள் படிக்கத்தக்கது.

வெளிமாநிலத் தமிழர்க்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. மதுரையில் பார்த்த வைத்தியத்தின் குறிப்பு, மகனுடன் வாழ ராமகிருஷ்ணபுரம் வந்த தாயாரோடு வருவதில்லை. அவர் இந்தியும் அறியார். 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தரும் 14 இலக்க எண், நோயாளியின் சம்மதத்தோடு, இக்குறிப்புகளை மாநில எல்லை கடந்து காட்டவல்லது. ஆனால் அத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளின் பதிவுகள் மட்டுமே அதில் வரும். மற்றவை, தற்போதைக்கு, மஞ்சட்பையில்தான் ரயிலேற வேண்டும்.